எல்லோரும் போட்ட வெற்றுச் சீட்டு

லியாவ் யுவே-தாவ், மீன் வியாபாரி கோங் தவுக்கேக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஐந்து லட்சம் தைவான் டாலர். தவுக்கே என்றால் எங்கள் துறையில் முதலாளி. படகுக்கு எஞ்சின் மாற்றுவதற்காக வாங்கிய கடன். வட்டி மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. முதல் மட்டும், அரிசி மூட்டை மேல் படுத்த பூனை மாதிரி அசையாமல் கிடந்தது. ஆறு வருஷம் அப்படியே போயிற்று. ஏழாவது வருஷப் பிறப்புக்கு முந்தின நாள்தான் கெடு. அதற்குள் தீர்க்காவிட்டால் படகு கோங்குக்குப் போய்விடும். அப்படித்தான் பத்திரம் எழுதி, அதில் யுவே-தாவ் தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் அழுத்திக் கொடுத்திருந்தாள்.

கடன் வாங்கியதில் கேவலம் ஒன்றுமில்லை. ஷின்வெய் துறையில் கடன் வாங்காமல் தண்ணீரில் இறங்கிய படகு எது என்று யாராவது காட்டட்டும். கேவலம் கடனோடு வருஷக் கடைசி ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவதுதான். அதற்குள் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, வாங்கவேண்டியதை வாங்கிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் அடுப்பில் சட்டி வைப்பார்கள்.

யுவே-தாவ் சாதாரணப் பெண் இல்லை. மலைச்சரிவில் இஞ்சி போட்டுப் பிழைத்த வீட்டில் நாலாவது பெண்ணாகப் பிறந்தவள். அப்பன் பெயர் வைக்கவே ஒரு மாதம் மறந்துபோனான் என்பார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அப்புறம் துறையில் மீன் அறுக்கும் கொட்டகை. பதினைந்து வயதில் அவள் கத்தி ஓடும் வேகத்தைப் பார்க்க அடுத்த துறையிலிருந்து ஆள் வந்ததுண்டு. காலையில் சோற்று உருண்டை விற்றாள். மத்தியானம் மீன் அறுத்தாள். சாயங்காலம் வலை பின்னினாள். கல்யாணம் ஆனபோது வென் ஜின்-ஷானிடம் இருந்தது இரண்டு கையும் ஒரு ரப்பர் பூட்ஸும்தான். அந்தப் பூட்ஸிலும் ஒன்று ஓட்டை. அந்த ஆளைப் படகுச் சொந்தக்காரன் ஆக்கியவள் அவள். இதை ஜின்-ஷானே சாராயம் உள்ளே போனால் ஒத்துக்கொள்வான், போகாவிட்டாலும் ஒத்துக்கொள்வான்.

அவள் ஏலச்சீட்டும் நடத்தினாள். துறைப் பெண்கள் இருபத்துச் சொச்சம் பேர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சீட்டுப் பணம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. பாங்கிக்காரனுக்கு இந்தப் பெருமை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்டவளுக்கே கடன் ஏன் அடையவில்லை என்றால், அதற்குக் காரணம் மைனாப்பெட்டி.

எங்கள் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே கைப்பேசி செத்துவிடும். பின்னால் மலை, முன்னால் கடல், கம்பம் நட இடமில்லை. கோங் தவுக்கே ஒரு வருஷம் எல்லாப் படகுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். அதற்குக் கம்பம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். ஒரு படகின் பெட்டி சொன்னதைப் பக்கத்துப் படகின் பெட்டி கேட்டு, அதற்கடுத்த படகுக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படித் தாவித் தாவிக் கரைக்கு வந்துவிடும். சொன்னதையே திருப்பிச் சொல்வதால் மைனாப்பெட்டி என்று பெயர் வந்தது. கரையில் அதைக் கேட்கும் பெரிய பெட்டி கோங்கின் ஐஸ் கிடங்குக் கூரைமேல் இருந்தது. அவருடைய கணக்கப்பிள்ளை சேதியைப் பார்த்து அந்தந்த வீட்டுக்குத் தட்டிவிடுவான். இத்தனை மீன், இத்தனை ஐஸ் வாங்கி வை என்று கடலிலிருந்து ஆண்கள் சொல்வார்கள். பெண்கள் ஐஸ் வாங்கி வைப்பார்கள். ரொம்ப சௌகரியம். எல்லோரும் கோங்குக்குப் பழக்கூடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் விலை விழுந்தது. எங்கள் கடலில் பேய்த்தலை மீன்தான் காசு. நெற்றி செங்குத்தாக எழும்பி, உடம்பு தங்கமும் பச்சையுமாக மின்னும் மீன். மத்தியானத்துக்கு மேல் படகுகள் வந்ததும் மீனவர் சங்கத்துச் சிமெண்டுத் தரையில் மீனை வரிசையாகப் போட்டு ஏலம் விடுவார்கள். வாங்குகிறவர்கள் மூன்றே பேர். கோங் ஒருவர், மீன் உருண்டைத் தொழிற்சாலைக்கு வாங்குகிற ஒருவர், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒருவர். முன்பெல்லாம் மூவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்பார்கள். பெட்டி வந்த பிறகு மூன்று பேரும் டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். படகு துறைக்குள் நுழையும் முன்பே இன்றைக்கு எவ்வளவு மீன் வருகிறது என்று கோங்குக்குத் தெரியும். நிறைய வருகிற நாளில் மற்ற இரண்டு பேருக்கும் போன் போட்டு, கிலோ அறுபதுக்கு மேல் ஏறாதீர்கள் என்று சொல்லிவிடுவார். பட்டினி கிடந்த நாளில்தான் விலை ஏறும். அன்றைக்கு விற்க மீன் இருக்காது.

இதை முதலில் மோந்து பிடித்தவன் ஜின்-ஷான். அவன் மீன் கூட்டத்தைக் கண்டு தூண்டில் கயிறு இறக்கி முடிப்பதற்குள் கோங்கின் சொந்தப் படகு இரண்டும் பக்கத்தில் வந்து நின்றன. ஒரு நாள் தற்செயல். நாலு நாளும் தற்செயலா?

ஜின்-ஷான் பெட்டியை அணைத்தான். மற்றவர்களும் அணைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் அணைத்தால் மைனாவுக்குத் தாவக் கிளை ஏது? அந்த இலையுதிர் காலத்தில் லேகாலின் படகு எஞ்சின் நின்றுபோய், வடக்கே இழுத்துப்போகும் கருநீரோட்டத்தில் மாட்டிக்கொண்டது. லேகால் ஆமிஸ் பழங்குடி இனத்தவன், எங்கள் துறையிலேயே நன்றாகப் பாடுகிறவன். அவன் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தான். நடுவில் நின்ற ஐந்து படகிலும் பெட்டி தூங்கியது. மறுநாள் வடக்கே ரொம்ப தூரத்தில் கடற்காவல் படை அவனை இழுத்து வந்தது. ஆள் பிழைத்தான். இறங்கியதும், "உங்க பெட்டியெல்லாம் உடம்பு சரியில்லாம லீவுல இருந்துச்சோ?" என்று மட்டும் கேட்டான்.

யுவே-தாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அணைத்த பெட்டிகளில் ஒன்று அவள் படகினுடையது.

அடுத்த வாரம் ஃபானை வீட்டுக்கு வரச்சொன்னாள். ஃபான், கரை நெடுக வேன் ஓட்டிக்கொண்டு படகுகளின் வயர்லெஸ்ஸும் ராடாரும் பழுது பார்க்கிறவன். ஹுவாலியனில் கல்லூரியில் படித்தவன், கெட்டிக்காரன், ஆனால் எப்போதும் பசி. சோற்றின் மேல் பன்றிக்கறிக் குழம்பை ஊற்றி வைத்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

"பெட்டி நல்ல பெட்டிதான்க்கா. வாய்தான் ஓட்டை. யார் பேசினாங்களோ அவங்க பேரு, வழியில கைமாத்தி விட்டவங்க பேரு, எல்லாத்தையும் கூடவே ஒட்டிக்கிட்டு வருது. கேக்குறவனுக்கு எந்தப் படகு எங்க நிக்குதுன்னு படம் போட்டுக் குடுத்த மாதிரி."

"ஒட்டாம வரமுடியாதா?"

"வரலாம். உறைக்குள்ள உறை போடணும்." கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகளால் மேசையில் கோடு கிழித்துக் காட்டினான். "ஜின்-ஷான் அண்ணன் சேதி எழுதி, ஒரு உறையில போட்டு, மேல உங்க பேரு எழுதறாரு. அதை இன்னொரு உறையில போட்டு மேல லேகால் பேரு. அதையும் இன்னொண்ணுல போட்டு மேல பக்கத்துப் படகு ஆ-பாவ் பேரு. ஆ-பாவ் பெட்டியால மேல் உறையை மட்டும்தான் பிரிக்க முடியும். உள்ள லேகால் பேரு இருக்கும், அவனுக்குத் தள்ளிவிட்டுரும். லேகால் பெட்டி அடுத்த உறையைப் பிரிக்கும். கடைசி உறை உங்க வீட்டுலதான் பிரியும். நடுவுல நிக்கிறவனுக்கு யார் எழுதினது, என்ன எழுதினது எதுவும் தெரியாது."

ஜின்-ஷான் பாக்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டான்: "என்கிட்டேருந்து வந்துச்சுன்னு ஆ-பாவுக்குத் தெரியும்ல?"

"வந்தது தெரியும்ண்ணே. அது உங்க சேதியா, வேற எவனோடதையோ நீங்க கைமாத்துறீங்களான்னு தெரியாது."

"அட" என்றான் ஜின்-ஷான்.

கோங்கின் பெட்டிகள் அதற்கு ஒத்துவராது என்றும், புதுப் பெட்டி வாங்கினால்தான் ஆகும் என்றும் ஃபான் சொன்னான். பதினாறு படகுக்கும் பதினாறு வீட்டுக்கும் சேர்த்து ஆகும் தொகையையும் சொன்னான். யுவே-தாவ் அந்த மாதம்தான் தன் சீட்டை எடுத்திருந்தாள். கடனில் ஒரு பங்கைக் கழிக்க வைத்திருந்த பணம். அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது.

"அதைத் தொடாத" என்றான் ஜின்-ஷான். "வருஷக் கடைசிக்கு இன்னும் மூணு மாசம்தான். படகு போயிரும்."

"இந்த விலைக்கே மீனைக் குடுத்துக்கிட்டிருந்தா அந்தப் பணத்தைக் கட்டினாலும் படகு போகும். மெதுவாப் போகும், அவ்வளவுதான்."

"ஊருக்கெல்லாம் நீ ஏன் வாங்கித் தரணும்?"

"உன் பெட்டி தனியா யார்கிட்ட பேசும், மீன்கிட்டயா?"

பணத்தை எடுத்து எண்ணாமலே ஃபானிடம் கொடுத்தாள். எண்ணாமல் கொடுத்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

கரைப் பெட்டியை இந்தத் தடவை கடல் காக்கும் மாசூ அம்மன் கோயில் கூரையில் வைத்தார்கள். அம்மனிடம் கேட்காமல் வைக்க முடியுமா? குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் உருட்டிப் பார்த்ததில் முதல் இரண்டு தடவை அம்மன் சிரித்துவிட்டாள், அதாவது பிடி கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை சரி என்றாள். கோங்கின் பழைய பெட்டிகளைத் துடைத்து, கூடையில் அடுக்கி, மேலே ஒரு பை ஆரஞ்சும் வைத்து அவர் கிடங்கிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோங் ஆரஞ்சை எடுத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொல்லாததன் காரணம் பத்து நாளில் தெரிந்தது. விலை அறுபதைத் தாண்டவில்லை. மீன் நிறைய வந்த நாளில் மூன்று பேரும் பழையபடி டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

ஃபான் வந்து எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்த்தான். "ஒரு உறையும் எவனும் பிரிக்கல. சத்தியமா."

அப்படியென்றால் யாரோ வாய் திறந்து சொல்கிறார்கள். துறையில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. யார் கோங்குக்குக் கடன்பட்டவர், அதுவும் கெடு நெருங்கிய கடன்? ஆ-பாவ் ஏலத் தரையிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி பேசினான். நல்ல படகோட்டி, வாய்தான் முந்தும்.

"புதுப் பெட்டிய யாரு வாங்கித் தந்தாங்க? ஊருக்கு உபகாரம்னு நினைச்சோம். ஐஞ்சு லட்சத்துல எவ்வளவு கழிச்சாரு தவுக்கே, அக்கா?"

ஜின்-ஷான் கையை ஓங்கிக்கொண்டு போனான். யுவே-தாவ் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆ-பாவ், உன் பொண்டாட்டி என் சீட்டுல பதினோரு வருஷமா இருக்கா. அவ எந்த மாசம் எவ்வளவு கேட்டான்னு என்னைக்காவது உன் காதுல விழுந்திருக்கா?"

"இல்ல."

"அவளைக் கட்டின உனக்கே சொல்லாதவ, தவுக்கேக்குச் சொல்வேனா?"

நல்ல பதில்தான். ஆனாலும் சந்தேகம், வலையில் மாட்டிய முள் மாதிரி, ஒரு இடத்தில் எடுத்தால் இன்னொரு இடத்தில் குத்தும். இரண்டு நாள் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. படகு போவதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். பெயர் போனால்? மூன்றாம் வகுப்புப் படித்த பெண் பெயரை வைத்துத்தானே இவ்வளவும் கட்டினாள்?

மூன்றாம் நாள் சீட்டு நாள். கோயிலுக்குப் பின்னால் ஆலமர நிழலில் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யுவே-தாவின் சீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பணம் வேண்டியவர்கள் எவ்வளவு தள்ளி எடுக்கிறார்கள் என்று எழுதி, மடித்து, அரிசி அளக்கும் தகர டப்பாவில் போடுவார்கள். வேண்டாதவர்களும் சும்மா இருக்கக் கூடாது. வெறும் தாளை அதே மாதிரி மடித்து, அதே டப்பாவில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் யார் எழுந்து டப்பாவிடம் போகிறாளோ அவள் வீட்டில் பணமுடை என்று துறைக்கே தெரிந்துவிடும். மறுநாளே அவள் பன்றிக்கு விலை குறையும்.

அன்றைக்கும் டப்பா சுற்றி வந்தது. யுவே-தாவ் கவிழ்த்துப் பிரித்தாள். வெறும் தாள், வெறும் தாள், எழுதிய தாள், வெறும் தாள். பிரித்துக்கொண்டே வந்த கை நின்றது.

"இன்னைக்கு மத்தியானம் ஐஸ் வாங்க யாரு யாரு போறீங்க?" என்று கேட்டாள்.

ஆ-பாவின் மனைவி உதட்டைச் சுழித்தாள். "சேதி வந்தவங்க போவாங்க. இதுல என்ன கேள்வி?"

"எவ்வளவு வாங்குவ?"

"மீனுக்குத் தக்கன. நாப்பது மீன்னா பத்துக் கட்டி."

"யார்கிட்ட?"

ஷின்வெய் துறையில் ஐஸ் விற்பவர் ஒரே ஆள்தான். உறைமேல் உறை போட்டு ஒட்டி, படகுக்குப் படகு ரகசியமாகத் தாவி, அம்மன் கூரையில் இறங்கி, அவரவர் வீட்டில் பத்திரமாகப் பிரிந்த சேதியை, ஒவ்வொரு பெண்ணும் தள்ளுவண்டியோடு நேரே கோங் தவுக்கேயின் ஐஸ் கிடங்கு வாசலில் போய் நின்று, அவர் கணக்கப்பிள்ளை காதில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: எனக்குப் பத்து, எனக்குப் பதினைந்து.

முதலில் யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஆ-பாவின் மனைவி கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை.

சாயங்காலம் வலைக் கொட்டகையில் பதினாறு படகுக்காரர்களும் கூடினார்கள். யுவே-தாவ் நின்றுகொண்டே பேசினாள். "இனிமே மீன் வந்தவனும் பத்துக் கட்டி ஐஸ் வாங்கணும், வராதவனும் பத்துக் கட்டி வாங்கணும். தினமும். காலையிலயே."

"மீன் இல்லாதவன் ஐஸை வெச்சு என்ன பண்றது, தலையில வெச்சுக்கிறதா?" என்றான் ஆ-பாவ்.

"உனக்கு அதான் வைத்தியம்" என்றான் லேகால். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"காசு?" என்று இன்னொருத்தர் கேட்டார்.

"ஏலம் முடிஞ்ச பிறகு ஒளிக்க என்ன இருக்கு? அன்னைக்கு மீன் வித்தவங்க, விக்காதவங்களோட ஐஸ் காசைப் பங்கு போட்டுக் குடுத்துரணும். நாளைக்கு நீ வெறுங்கையோட வருவ, அவன் குடுப்பான்."

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபான் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அக்கா, பெட்டிக்கும் இதையே பண்ணணும். உறையைப் பிரிக்க முடியாதுதான். ஆனா மைனா எப்பக் கத்துதுன்னு கேக்க எவனாலயும் முடியும். மீன் பிடிச்சவன்தான் வீட்டுக்குக் கூப்பிடறான். யார் கத்தறாங்கன்னு பாத்தாலே போதும்."

"இதை ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"இதுக்கு வழி தெரியும்க்கா. அரை மணிக்கு ஒரு தடவை எல்லாப் பெட்டியும் ஒரு சேதி அனுப்பணும். சொல்ல விஷயம் இருந்தா விஷயம், இல்லாட்டி வெறும் உறை. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி. ஆனா பேட்டரி தின்னும். ஒண்ணுமில்லாததைச் சுமக்கறதுக்கு இவங்க பேட்டரி குடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

அது உண்மைதான். உடனே கசமுசா என்று பேச்சு எழுந்தது. எவனோ எவனுக்கோ அனுப்பும் ஒன்றுமில்லாத உறைக்கு நான் ஏன் என் பேட்டரியைக் கொடுக்க வேண்டும்? ஆ-பாவ்தான் சத்தமாகக் கேட்டான். லேகால் எழுந்தான். பாட்டுக் குரல், கத்தாமலே எல்லாருக்கும் கேட்கும்.

"அன்னைக்கு நான் தட்டினது ஒண்ணுமில்லாததா இல்ல. உங்க பேட்டரி நிறையத்தான் இருந்துச்சு. வெறும் உறையைச் சுமக்கற பெட்டி முழிச்சிருக்கும். முழிச்சிருக்கற பெட்டிதான் நான் மூழ்கறப்போ கேக்கும்." உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு, "அடுத்த தடவை நானாத்தான் இருக்கணும்னு இல்ல" என்றான்.

அதற்கு மேல் யாரும் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை. ஆ-பாவ் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. மறுநாள் காலை ஐஸ் கிடங்கு திறக்கும் முன்பே முதல் ஆளாகத் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றான். யுவே-தாவ் வந்ததும் ஒரு அடி விலகி அவளை முன்னால் விட்டான். அவளும் ஒன்றும் கேட்காமல் முன்னால் போய் நின்றாள்.

கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். பத்து. பத்து. பத்து. பதினாறு தடவை பத்து எழுதினான். அப்புறம் பென்சிலைக் காதிலேயே வைத்துவிட்டு உள்ளே போனான்.

முதல் நாள் ஏலத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மீன் நிறைய வந்த நாள். மூன்று பேரும் டீ குடித்தார்களா தெரியாது, சிரிக்கவில்லை. படகு ஒவ்வொன்றாக வரும்போது கோங் தவுக்கே எட்டி எட்டிப் பார்த்தார். முதல் படகில் பத்து மீன்தான். பின்னால் வருவதில் இருக்குமா, இருக்காதா? தொழிற்சாலைக்காரர் அவரைப் பார்த்தார். அவர் ஏற்றுமதிக்காரரைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. கிடைப்பதை விட்டுவிட்டால் வெறுங்கையோடு போக வேண்டியதுதான் என்று தொழிற்சாலைக்காரர் எண்பது என்றார். ஏற்றுமதிக்காரர் தொண்ணூறு. கோங் தொண்டையைச் செருமிக்கொண்டு நூறு என்றார். ஏலம் விடுகிறவன் வாயிலிருந்து அந்த எண் வந்து ரொம்ப நாளாகியிருந்ததால் ஒரு தடவை தடுமாறினான்.

மிஞ்சிய ஐஸை யுவே-தாவ் வீணாக்குவாளா? சீவி, மேலே வேகவைத்த சிவப்பு பீன்ஸும் சர்க்கரைப் பாகும் ஊற்றி ஏலத் தரை ஓரத்தில் விற்றாள். வாடைக் காற்று அடிக்கும் குளிரில் பல் கிட்டிக்க எல்லோரும் வாங்கித் தின்றார்கள். மீன் கிடைக்காதவன் முகம்கூட அந்த வருஷம் சுருங்கவில்லை. யார் கையில் மீன் இருக்கிறது என்று தெரியாத ஊரில், இல்லாதவனைப் பார்த்து யார் முகத்தைத் திருப்புவது?

கூடுதலாக வந்த பணத்தை யுவே-தாவ் வாராவாரம் கட்டி, கடனில் பாதிக்கு மேல் தீர்த்திருந்தபோது, கோங் தவுக்கே ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்கே வந்தார். வராத மனிதர். உயர்ந்த ரக டீத்தூள் டப்பா ஒன்றை மேசையில் வைத்தார். அவளே தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினாள்.

"தாவ், உன் கடன்ல எவ்வளவு பாக்கி?"

"உங்களுக்குத் தெரியாததா தவுக்கே? ரெண்டு லட்சத்துச் சொச்சம்."

"சின்ன விஷயம் ஒண்ணு சொன்னா பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன். தினம் மத்தியானம் எந்தப் படகுல மீன்னு ஒரு வார்த்தை. உனக்கும் எனக்கும் நடுவுல."

மேசையின் மூலையில் பெட்டி சின்னதாக ஒளிர்ந்து அணைந்தது. அரை மணி ஆகியிருந்தது. கோங்கின் கண் அதற்குப் போய் வந்ததை அவள் பார்த்தாள். இரண்டு லட்சம். ஒரு வார்த்தைக்கு.

"நான் நினைச்சாலும் முடியாது தவுக்கே. எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் சேதி மட்டும்தான் இந்த வீட்டுல பிரியும். மத்ததெல்லாம் எல்லார் வீட்டு வழியாவும் போகுது, எந்த வீட்டுலயும் நிக்கறதில்ல. கையில இருந்தாத்தானே விக்கறதுக்கு?"

"உன் வீட்டுக்காரர் சேதியையாவது சொல்லு."

"அதைக் கேக்கணும்னா நான் உங்க வீட்டுக்கு வாழ வந்திருக்கணும். உங்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்ல. டீ ஆறுது, குடிங்க."

கோங் சிரித்துவிட்டார். வியாபாரி என்றாலும் சிரிக்கத் தெரிந்த மனிதர். கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தார். டீத்தூள் டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்று அவள் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த விலையே நின்றது. வந்த பணத்தைத் தொடர்ந்து கொண்டுபோய்க் கட்டினாள். பெட்டிக்குக் கொடுத்த பணத்தைப் படகுக்காரர்கள் தலைக்குத் தலை திருப்பித் தந்தார்கள். அதுவும் கோங்கிடமே போயிற்று. வருஷக் கடைசி நாள் காலையில் பாக்கி நாற்பத்தோராயிரம்தான்.

யுவே-தாவ் தலை வாரி, சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூட வருகிறேன் என்ற ஜின்-ஷானைக் கோழியைக் கவனி என்று அடுப்படியில் நிறுத்தினாள். எள்ளெண்ணெயில் இஞ்சி வதங்கும் வாசனை தெருக்கோடி வரை அவள் பின்னால் வந்தது. கோங்கின் கடையில் கணக்கப்பிள்ளை பணம் எண்ணும் மெஷினை இழுத்து வைத்தான்.

"மெஷின் வேண்டாம்" என்றாள். "தவுக்கே, கையை நீட்டுங்க."

கோங் அவளைப் பார்த்தார். பத்திரத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார், உள்ளங்கை மேலாக. மீன் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்களால், நீல ஆயிரம் டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்து எண்ணினாள். சத்தமாகத்தான் எண்ணினாள், வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று. ஒன்று, இரண்டு, மூன்று. அவசரமே இல்லை. முப்பத்தொன்பது. நாற்பது. கடைசி நோட்டின் மடிப்பை நீவி நேராக்கி, மேலே வைத்தாள்.

"நாப்பத்தொண்ணு."